ஆடி மாதத்தில் மங்களூருக்கு வருகிறவனுக்கு

மங்களூர்,
ஜூன் மாதக் கடைசி

அன்பு மாப்ள,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. மகளுக்கு மணிப்பாலில் இடம் கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். விடுதிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துவருமா என்று கவலைப்படாதே. பக்கத்திலேயே உடுப்பி இருக்கிறது, பிள்ளை பட்டினி கிடக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமையானால் இங்கே கிளம்பி வரட்டும். சுமார் 65 கிலோமீட்டர்தான், பஸ் வந்துகொண்டே இருக்கும். உன் ரத்தக் கொழுப்பு விஷயமும் படித்தேன். டாக்டர் இறாலைத்தானே குறைக்கச் சொன்னார், மீனை இல்லையே? அப்புறம் என்ன.

ஜூலை கடைசியில் அவளைச் சேர்க்க வரும்போது இரண்டு நாள் என்னோடு தங்குவதாகவும், அதற்குள் நல்ல மீன் ஓட்டல்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைக்கும்படியும் சொல்லியிருக்கிறாய். தங்குவது சரி. அந்தத் தாளைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

நீ வரும் நாளில் இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருக்காது. உங்கள் தூத்துக்குடிக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்றால் இந்தக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான், மீன் முட்டையிடும் காலம் என்ற காரணமும் ஒன்றுதான். ஆனால் இங்கே அரசாங்கம் தடுக்காவிட்டாலும் அந்த மழையில் கடலுக்குப் போக யாருக்கும் மனசு வராது. நம் ஊர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஜூலை மாத அரபிக்கடலைப் பார்த்தால் இது வேறு ஜாதி என்று புரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்களில் மங்களூர்ச் சந்தைக்கு வரும் மீனில் ஒரு பங்கு தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஐஸ் பெட்டியில் லாரியேறி வருகிறது. தூத்துக்குடிக்காரன் நீ இவ்வளவு தூரம் வந்து, உனக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பிய உன் ஊர் மீனையே காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு "மங்களூர் மீன் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவாய். அதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே மீனுக்கு நவம்பரில் வா. மகளைப் பார்க்க எப்படியும் வருவாய். இப்போது எழுதுவதை அதுவரை பத்திரமாக வைத்திரு.

இங்கே மீன் சாப்பிடுவதற்கு எனக்கு ஒரே விதிதான்: சின்ன மீனைக் கேள். உங்கள் விசைப்படகு விடிகாலையில் கிளம்பினால் இரவுக்குள் கரை திரும்ப வேண்டும், இல்லையா? இங்கே அப்படி இல்லை. பெரிய படகுகள் ஒரு வாரம், பத்து நாள் என்று ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கின்றன. முதல் நாள் வலையில் விழுந்த மீன், படகு பந்தருக்கு, அதாவது இந்த ஊர்த் துறைமுகத்துக்கு, வரும்வரை ஐஸில் கிடக்கும். ஓட்டல்காரர் "இன்று காலையில் வந்தது சார்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, கரைக்கு இன்று காலையில்தான் வந்தது. சின்ன மீனில் பெரும்பகுதி கரையோரத்தில் பிடித்து அன்றன்றைக்கே வருவது. நெய்மீனை இங்கே அஞ்சல் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்ததும் கேட்பது அதைத்தான். பக்கத்து மேசையில் உள்ளூர்க்காரர் பங்குடையோ பூத்தாயோ கேட்டிருப்பார். பங்குடை நம் அயிலை, பூத்தாய் நம் சாளை. நீ அவர் பக்கம் சாய்ந்துகொள்.

சின்ன மீனில் இந்த ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது காணெ. வேறொன்றுமில்லை, நம் கிழங்கான்தான். நம் வீட்டில் காய்ச்சல் விட்டவர்களுக்கு மிளகு போட்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பார்களே, அதே சாது மீன். இங்கே அதற்கு ராஜ மரியாதை. முழு மீனைத் தலையோடு கீறி, சிவக்கச் சிவக்க மசாலா பூசி, ரவையில் புரட்டித் தேங்காயெண்ணெயில் பொரித்துக் கொண்டுவருகிறார்கள். தலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் நடுமுள் சீப்பு மாதிரி ஒரே இழுப்பில் வந்துவிடும். பழைய மீன் என்றால் அப்படி வராது, சதை முள்ளோடு ஒட்டிக்கொண்டு மாவாகக் குழையும். வெள்ளையான சதை, மேலே ரவையின் மொறுமொறுப்பு, அதில் ஒட்டிய கறிவேப்பிலை. எலுமிச்சைகூட வேண்டாம்.

ஆனாலும் ரவா ஃப்ரையை நான் முழுசாக நம்புவதில்லை. ரவை எதையும் மூடிவிடும். புதிய ஓட்டல் என்றால் முதலில் ரவையில்லாத தவா ஃப்ரை கேட்பேன். கல்லில் வெறும் மசாலாவோடு வேகும் மீனால் தன் வயசை மறைக்க முடியாது. அது தேறினால்தான் ரவா ஃப்ரைக்குப் போவேன். என் வீட்டுக்காரிக்கு இது பெரிய அலட்டலாகத் தெரிகிறது.

எங்கே போவது என்று கேட்டாய். மதியம் பன்னிரண்டரைக்குள் பந்தர் பக்கம் ஏதாவதொரு சின்ன மீன் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்துவிட வேண்டும். கார் ஸ்ட்ரீட் பக்கத்தில் கிரி மஞ்சாஸ் என்று ஒன்று இருக்கிறது, நெருக்கடியான இடம், வாசலில் காத்திருக்கத்தான் வேண்டும், காத்திருக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது பந்தர்ச் சந்தில் பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத ஒரு கடை. தட்டில் குச்சலக்கிச் சோறு, அதாவது தடித்த சிவப்புப் புழுங்கலரிசி. மேலே தேங்காய் அரைத்த மீன் குழம்பு, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். ஓரத்தில் ஒரு காய், ஊறுகாய். பிறகு ஒருவர் பொரித்த மீன் அடுக்கிய பெரிய தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். மெனு அட்டை கிடையாது, அந்தத் தாம்பாளம்தான் மெனு. விரலைக் காட்டினால் தட்டில் விழும். ஒன்றரை மணிக்கு மேல் போனால் காணெயும் கணவாயும் தீர்ந்து, யாரும் தொடாத துண்டுகள் மட்டும் சுற்றி வரும்.

இதற்கு நேரெதிர், கடலைப் பார்த்து நாற்காலி போட்ட ஓட்டல்கள். போன வருஷம் என் சகலை வந்திருந்தபோது அலை தெரிய உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்று அடம்பிடித்து ஒரு இடத்துக்கு இழுத்துப் போனார். பெயர் வேண்டாம். மெனுவில் மீன்களுக்கு நேரே விலை இல்லை, 'அளவுக்கேற்ப' என்று மட்டும் போட்டிருந்தது. எந்த அளவு, யார் அளப்பது என்று கேட்டதற்கு வெயிட்டர் சிரித்தார். வாவல் மீன் வந்தது, வெளியே கருகி, நடுமுள்ளருகே இன்னும் சில்லென்றிருந்தது. ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லுக்கு வந்திருக்கிறது. பில்லைப் பார்த்த பிறகு சகலை அலையைப் பார்க்கவில்லை. அளவுக்கேற்ப என்று எழுதியிருந்தால் பொரிப்பதற்கு முன் மீனைக் கொண்டுவந்து காட்டி விலை சொல்லச் சொல். முகம் சுளிக்கும் கடையில் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

குழம்பு விஷயத்தில் நீயும் நானும் சண்டை போடத்தான் போகிறோம், அதை இப்போதே ஆரம்பித்து வைக்கிறேன். தேங்காய் அரைத்த குழம்பில் நம் அம்மாக்கள் வைத்ததை இவர்களால் தொட முடியாது. இங்கே தேங்காய் ரொம்பக் கெட்டி, மீனை அமுக்கிவிடுகிறது. ஆனால் புளிமுஞ்சி என்று ஒன்று வைக்கிறார்கள் பார், அதற்கு நம்மிடம் பதில் இல்லை. தேங்காயே கிடையாது, மிளகாயும் புளியும்தான், கெட்டியாக மீனோடு ஒட்டிக்கொள்ளும். பங்குடை, பூத்தாய் மாதிரி எண்ணெய் உள்ள மீனுக்குத்தான் அது சரி. நிறத்தைப் பார்த்தால் நாக்கு வெந்துவிடும் போலத் தோன்றும், அவ்வளவு காரம் இருக்காது. ஹாவேரி மாவட்டத்து ப்யாடகி மிளகாய் அது, நிறம் அதிகம், உறைப்பு குறைவு. நம் சம்பா மிளகாயில் இதே அளவு போட்டால் சாப்பிடவே முடியாது, என் வீட்டில் செய்து பார்த்தாயிற்று. இதற்குத் துணை நீர்தோசை. ஊறவைத்த அரிசியைத் தண்ணீராக அரைத்துப் புளிக்கவிடாமல் கல்லில் வீசி ஊற்றுவது, வெள்ளைத் துணியாக மடிந்து வரும். முதல் நாள் வைத்த புளிமுஞ்சி இன்னும் விசேஷம், ஆனால் ஓட்டலில் அதைக் கேட்க முடியாது. என் பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்கலாம், கொடுப்பார்.

மட்டியை இங்கே மருவாய் என்கிறார்கள். நேத்ராவதியும் பல்குணியும் கடலில் சேரும் முகத்துவாரத்து மணலில் தோண்டி எடுப்பது. ஒரு பக்க ஓட்டைக் கழற்றிவிட்டு, சதை ஒட்டியிருக்கும் மறு ஓட்டோடு தேங்காய்த் துருவல் போட்டுச் சுக்காவாக வறட்டுகிறார்கள். ஓட்டை வாயருகே வைத்து உறிஞ்சிவிட்டுத் தட்டோரத்தில் குவித்துக்கொண்டே போக வேண்டும். ஊறவைத்து மணலைத் துப்பவைக்கப் பொறுமையில்லாத சமையற்காரர் என்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். இதுவும் நவம்பருக்குத்தான். இப்போது ஆற்றில் செம்மண் தண்ணீர் ஓடுகிறது, இறங்க முடியாது.

சரி, ஜூலையில் வருகிறவனுக்கு என்ன?

நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை. மழை கொஞ்சம் விட்டு, கடல் அடங்கினால் கரையோரத்தில் வலை போடுவார்கள். உன் அதிர்ஷ்டத்துக்கு அப்படி ஒரு நாள் அமைந்தால் காலையிலேயே உன்னை எழுப்பிச் சந்தைக்கு இழுத்துப் போவேன், வாங்கி வந்து வீட்டிலேயே பொரிப்போம். அமையாவிட்டால் கோழி. கோரி ரொட்டி என்பது அப்பளம் போல் மொறுமொறுவென்று காய்ந்த அரிசி ரொட்டியைத் தட்டில் நொறுக்கிப் போட்டு மேலே கோழிக்குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது. எனக்கு அது பாதி ஊறி, பாதி மொறுமொறுப்பாக இருக்கும்போது சாப்பிட வேண்டும், ஆகவே சாப்பிடும்போது என்னோடு பேசாதே. நெய் ரோஸ்ட்டுக்கு, உடுப்பியைத் தாண்டி வடக்கே குந்தாபுரம் வரை போகலாம். அங்கே 1957 இல் தொடங்கிய ஷெட்டி லஞ்ச் ஹோமில்தான் கோழி நெய் ரோஸ்ட் பிறந்தது என்பார்கள். மகளை மணிப்பாலில் விட்டுவிட்டு அழுதுகொண்டு திரும்புவாயே, தெற்கே திரும்பாமல் இன்னும் வடக்கே போனால் அந்த அழுகைக்கு மருந்து இருக்கிறது. டாக்டருக்கு மட்டும் எழுதாதே, நெய் கொஞ்சநஞ்சம் இல்லை.

இன்னொன்று. நமக்கு ஆடி நடக்கும்போது இவர்களுக்கும் ஆட்டி மாதம் நடக்கும். சேம்பிலையில் அரிசியும் மசாலாவும் அரைத்துப் பூசிச் சுருட்டி வேகவைக்கும் பத்ரடெ அந்த மாதத்துக்கே உரியது. மழையில்தான் இலை தளதளவென்று வளரும். ஓட்டலிலும் கிடைக்கும், பக்கத்து வீட்டம்மா செய்வது மேல். உலர்ந்த சிற்றிறாலை வறுத்துத் தேங்காயோடு இடித்த எட்டிச் சட்னி கூட இருந்தால் வெறும் கஞ்சியே போதும். அவ்வளவு சின்ன இறால் உன் டாக்டர் கணக்கில் வராது. சாயங்காலம் மழை பெய்தால் கோளிபஜெ, மைதா மாவில் பொரித்த உருண்டை பஜ்ஜி. ராத்திரி மார்க்கெட் ரோட்டில் 1975 முதல் இருக்கும் ஐடியலில் கட்பட் ஐஸ்கிரீம், உயரக் கண்ணாடியில் இரண்டு மூன்று வகை ஐஸ்கிரீம், ஜெல்லி, பழம், பருப்பு எல்லாம் அடுக்கியது. அதை முதலில் செய்தது உடுப்பியா மங்களூரா என்று இந்த ஊர்க்காரர்கள் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை. உன் மகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம், நீ ஒரு கரண்டி எடுத்துக்கொள்.

நாகர்கோவிலில் ஏறினால் மங்களூருக்கு நேர் ரயில் இருக்கிறது. டிக்கெட்டை இப்போதே போடு, கல்லூரி திறக்கும் சமயத்தில் கிடைக்காது. குடையை நம்பாதே, மழைக்கோட்டு எடுத்து வா. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறதென்று நீ எழுதவே இல்லை, அதை அடுத்த கடிதத்தில் முதல் வரியில் எழுது.

வரும்போது மக்ரூன் ஒரு கிலோ. கருவாடு கொண்டுவருவதாக இருந்தால் மூன்று பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டு, போன முறை ரயில் பெட்டியில் உனக்கு நடந்தது நினைவிருக்கும்.

இப்படிக்கு,
உன் கடைசிப் பெஞ்சுக்காரன்