எங்கள் கேப்டனுக்காக வந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில், ராணுவத்தில் கேப்டனாக இருந்த எங்கள் வகுப்புத் தோழனின் படத்திறப்பு நல்லபடியாக நடந்தது. அன்றைக்கு நேரில் நன்றி சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் இந்த மடல்.

1965 முதல் 1968 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் பி.எஸ்சி. வேதியியல். விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறை. படிப்பு முடிந்ததும் நான் பேங்க் வேலைக்கு மனுப் போட்டேன்; அவன் பரங்கிமலையில் ராணுவப் பயிற்சிக்குப் போய்விட்டான். 1971 டிசம்பரில் கிழக்கு முனையில் இருந்தான். பதின்மூன்று நாள் சண்டை. அப்போது வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் போரைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'அப்பத்தாளுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா?' என்று கேட்டிருந்தான். அதை டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துச் சட்டம் போட்டு வைத்த அவன் தங்கை மகளுக்கு முதல் நன்றி. மெடல்களை அணிந்து வந்து வணக்கம் செலுத்திய முன்னாள் ராணுவத்தினருக்கும், வெளியூர்த் தோழர்கள் தங்கத் தன் வீட்டு வளவையே திறந்துவிட்ட ஆச்சிக்கும், பல்லவன் ரயிலில் வந்து இறங்கியவர்களை ராத்திரி ஸ்டேஷனில் காத்திருந்து அழைத்து வந்த தம்பிகளுக்கும் நன்றி.

ஊருணி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வரத்துக்காலை அடைத்திருந்த சீமைக் கருவேலத்தை வெட்ட ஆரம்பித்தவன் அவன்தான். பாதியில் படுத்துவிட்டான். மீதியை ஐப்பசி மழைக்கு முன்பே வெட்டி முடித்த ஊர் இளைஞர்களே, இந்த வருஷம் தண்ணீர் படித்துறை வரை வந்துவிட்டது. அதைப் பார்க்க அவனுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

அப்புறம், ஆத்தங்குடிப் பட்டறைக்காரர்கள். ராணுவத்திலிருந்து திரும்பியதும் அவன் இறங்கியது தரையில் பதிக்கும் பூக்கல் தொழிலில். மொசைக் மோகத்தில் ஆத்தங்குடிக் கல்லை யாரும் கேட்காத காலத்திலும் பட்டறையை மூடவில்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்துச் சாயச் சிமெண்டை வார்த்து, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கித் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடும் கை வேலை அது. காய்ந்த கல்லை எடுத்து விரலால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்பான். சத்தம் மந்தமாக இருந்தால் ஒதுக்கிவிடுவான், விலை குறைத்துக்கூட விற்கமாட்டான்.

அவன் படத்துக்குக் கீழே வைக்கப் புதிதாக ஒரு கல் வார்த்துக் கொண்டுவந்தீர்களே, உங்களுக்கு என்ன சொல்வது? வைக்கும் முன் உங்களில் மூத்தவர் அதைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். கணீரென்று இருந்தது, எனக்கும் கேட்டது.

நன்றியுடன்,
1965-68 வேதியியல் வகுப்புத் தோழர்கள் சார்பில்,
அவன் பக்கத்து அறைக்காரன்