திசு தந்தவர்களுக்கும் துணைநின்றவர்களுக்கும் நன்றி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஊர்களின் தாய்மார்களுக்கும் சகோதரர்களுக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்த் திசுவில் எந்தப் புரதம் எந்தச் செல்லில் இருக்கிறது என்பதை வரைபடமாக்கும் என் முனைவர் பட்ட ஆய்வு நிறைவடைந்துள்ளது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியில், நோயறியும் பரிசோதனை முடிந்து எஞ்சிய துண்டை ஆய்வுக்குத் தரச் சம்மதித்த அக்காமார்களுக்கே முதல் நன்றி. அவர்களுள் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர், கையெழுத்திடும் முன், "அரைச்சுப் பாத்தா தெரியாதாம்மா?" என்று கேட்டார். இந்தத் துறையின் மையக் கேள்வியே அதுதான். அரைத்தால் எந்தப் புரதம் எவ்வளவு என்பது தெரியும்; எங்கே இருந்தது என்பது அழிந்துவிடும். நோயை எதிர்க்கும் டி செல்கள் கட்டிக்குள் நுழைந்தனவா, விளிம்போடு நின்றுவிட்டனவா என்பதை, இடம் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அறுவை அரங்கின் செவிலியர்களுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். மார்பகத் திசுவை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஒரு மணி நேரத்துக்குள் இட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் அதில் வைத்திருக்க வேண்டும். இது தவறினால், சிலரின் புற்றுநோய்ச் செல்களில் மிகுதியாகக் காணப்படும் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருந்தும் இல்லாததுபோல் தோன்றி, அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து உரியவருக்குக் கிடைக்காமலே போகக்கூடும். பாட்டில்களில் அவர்கள் நேரம் தவறாமல் குறித்திருந்ததால்தான் என் படங்களை நான் நம்ப முடிந்தது.

ஆய்வகத் தொழில்நுட்பர் அண்ணன், திசுவைப் பதித்துக் குளிரவைத்த மெழுகுக் கட்டியிலிருந்து 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு) தடிமனில் சீவிய ஏட்டை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கமின்றிக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பார். நாங்கள் தேடும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அது இருக்கும் இடத்தை நிறமாகக் காட்டுவது ஆன்டிபாடி என்ற பொருள்; ஏடு மடிந்தால், அந்த இடத்தில் அதன் நிறம் பொய்யாக அடர்ந்து தெரியும். அவர் கைத்திறனுக்கு ஆய்வேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

நலமான திசுவோடு ஒப்பிட, 2003-இல் சுவீடனில் மத்தியாஸ் ஊலேன் தலைமையில் தொடங்கிய மனிதப் புரத வரைபடத் திட்டத்தின் படங்கள் உதவின. அவற்றை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதற்காக அவர்களுக்கும் நன்றி.

சம்மதப் படிவத்தை நம் பேச்சு வழக்கில் விளக்கிய ஆசிரியைகளுக்கும், கூடிப் பேச இடமளித்த பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகளுக்கும் என் வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலத்தில், எல்லோரும் ஊரில் இருக்கும்போது, படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறேன். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற விரும்புவோர் அன்றும் தயங்காமல் சொல்லலாம். அரைப்பதைப் பற்றிக் கேட்ட அக்கா அவசியம் வர வேண்டும். அவர் கேள்விக்கான விடையை அந்தப் படங்களிலேயே காட்ட விரும்புகிறேன்.