உன் தோழியிடம் சொல்

அன்பு மகள் மதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். அப்பாவின் கண் சிகிச்சையை மறுபடியும் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் போனில் என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. "ஓ.டி.பி.யை நாமே போட்டுவிட்டால் வங்கி பணத்தைத் திருப்பித் தருமா அம்மா? என் தோழி ஒருத்திக்கு நடந்திருக்கிறது" என்றாய். நான் விவரம் கேட்பதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். பிறகு வாட்ஸ்அப்பில், சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி அவளுக்கு வந்த மின்னஞ்சலின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்தது. அதற்குப் பின் நான் அழைத்தபோதெல்லாம் வேலை, தலைவலி, சார்ஜ் இல்லை. அந்தத் தோழியின் பெயரை நீ சொல்லவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. பணிக்காலம் முழுவதையும் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் கழித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்; ஒரு வரி விடாமல் அவளிடம் சொல்.

முதலில் அவள் செய்ய வேண்டியது. 1930 என்ற எண்ணை அவள் இன்னும் அழைக்கவில்லை என்றால், இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிட்டு அழைக்கச் சொல். இணையப் பண மோசடிக்கென்றே மத்திய உள்துறை அமைச்சகம் ஏற்படுத்தியிருக்கும் உதவி எண் அது. அங்கே புகார் பதிவானதும், பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் சென்று, கணக்கில் மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்திவைக்கச் செய்வார்கள். திருடியவன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டான். யார் யாரிடமோ வாடகைக்கு வாங்கிய கணக்குகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டே போய்க் கடைசியில் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவான். அதற்குள் எட்டிப் பிடித்தால்தான் உண்டு. நாள் கடந்துவிட்டதே, இனி என்ன பயன் என்று அவள் நினைக்கக்கூடும். கடந்திருந்தாலும் அழைக்கத்தான் வேண்டும். அதே கையோடு வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லி, பேசிய நேரத்தையும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முறைப்படி பதிந்து ஒப்புகை எண்ணை வாங்க வேண்டும்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கையாக வெளியிட்டது. வங்கியின் மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, இடையில் எங்கோ நடந்த திருட்டு என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை. ஆனால் ரகசிய எண்ணை வாடிக்கையாளரே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை போன பணம் அவருடைய நஷ்டம். தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் நஷ்டம். இதனால்தான் சீக்கிரம் சொல், சீக்கிரம் சொல் என்று அடித்துக்கொள்கிறேன். வாயைத் திறக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவள் கணக்கில்தான் ஏறும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் கடமை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே கிளையில் யாராவது கையை விரித்தால் எழுத்தில் பதில் கேட்கச் சொல். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில், சந்தா கட்டி இணையத்தில் படம் பார்க்கிறோமே, அந்த நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெயரைத் தொட்டால்தான் உள்ளே இருக்கும் முகவரி தெரியும். "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று தொடங்குகிறது. மாதா மாதம் காசு வாங்குகிறவனுக்கு அவள் பெயர் தெரியாதா? சந்தா புதுப்பிக்கப்படவில்லை, 24 மணி நேரத்துக்குள் கார்டு விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு மூடப்படும் என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. கீழே ஒரு பொத்தான். முன்பெல்லாம் இத்தகைய அஞ்சல்களில் எழுத்துப் பிழை மலிந்திருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். இதில் ஒரு பிழைகூட இல்லை. நிறமும் இலச்சினையும் அச்சு அசல். ஆகவே பார்த்ததும் தெரிந்திருக்க வேண்டாமா என்று அவளை யாரும் கேட்க முடியாது. நானும் கேட்க மாட்டேன்.

அந்தப் பொத்தானைத் தட்டாமல் விரலால் அழுத்திப் பிடித்தால், அது எங்கே கொண்டுபோகும் என்ற முகவரி மேலெழும். நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது, எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் படித்தால், டாட் காம் போன்ற வாலோடு முதலில் வரும் பெயர்தான் அந்தத் தளத்தின் சொந்தக்காரன். நிறுவனத்தின் பெயரையும் டாட் காமையும் முன்னால் எழுதி, அங்கேயே நிறுத்தாமல் இன்னொரு புள்ளி வைத்து, பில்லிங், ரினியூவல் என்று நீட்டி, கடைசியில் தன் முகவரியைக் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறார்கள். போன் திரை சின்னது. நீளமான முகவரியின் தலைப்பக்கம்தான் கண்ணில் படும். பக்கத்தில் இருக்கும் பூட்டுச் சின்னத்தையும் நம்பக் கூடாது. நாம் தட்டுவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். மறுமுனையில் இருப்பவன் நல்லவனா என்று அது சொல்லாது.

இதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்கவும் தேவையில்லை மதி. அஞ்சலை மூடிவிட்டு, அந்த நிறுவனத்தின் செயலியை நாமே திறந்து கணக்கு என்ற பகுதியைப் பார்த்தால் சந்தா எந்தத் தேதி வரை இருக்கிறது என்று தெரிந்துவிடும். அஞ்சலில் இருக்கும் இணைப்பையும் தொடாதே, எண்ணையும் அழைக்காதே, நீயாகத் திறந்து பார்.

என் மனத்தை அதிகம் அறுப்பது ஓ.டி.பி. விஷயம். வங்கி அனுப்பும் அந்தக் குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம் மட்டும் இருப்பதில்லை. எவ்வளவு தொகை, எந்தக் கடைக்கு என்பதும் அதிலேயே இருக்கும். பொத்தானைத் தட்டியதும் திறந்த பக்கத்தில் 499 ரூபாய் என்று காட்டியதாகப் போனில் சொன்னாய். வங்கியின் குறுஞ்செய்தியில் வேறு தொகையும் கேள்விப்படாத ஒரு பெயரும் இருந்திருக்கும். அவள் தேடி எடுத்துப் பார்க்கட்டும். அழித்துவிட வேண்டாம், புகாருடன் சேர்க்க வேண்டும். இப்போது வரும் போன்களில் செய்தியைத் திறக்கவே வேண்டாம், விசைப்பலகைக்கு மேல் அந்த ஆறு இலக்கமும் தானாக வந்து நிற்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எச்சரிக்கை எழுதியிருந்த வரியை யாரும் படிக்காமல் போனதற்கு இந்த வசதிதான் காரணம். இனிமேல் அவள் அந்தச் செய்தியைத் திறந்து, தொகையை வாய்விட்டுப் படித்த பிறகே எண்ணைப் போட வேண்டும். நீயும் அப்படியே செய்.

இன்னொன்று, இது நம் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு, பலருக்குத் தெரியவில்லை. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் எந்தச் சந்தாவுக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கியே அறிவிப்பு அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதோடு, வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளும் வழியும் அதில் இருக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால், காப்பீட்டுத் தவணை, மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் போன்ற சிலவற்றைத் தவிர, ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. போன்ற ஒன்றால் நம் ஒப்புதலைக் கேட்டே ஆக வேண்டும். ஆகவே, வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு 24,999 ரூபாய் தானாகப் பிடிக்கப்படும் என்று ஓர் அஞ்சல் வந்தால், அந்தத் தொகையே அது பொய் என்று சொல்லிவிடுகிறது. எந்தெந்தச் சந்தாவுக்கு நாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் நெட் பேங்கிங்கிலும் யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதியிலும் இருக்கிறது. ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, தேவையில்லாததை ரத்து செய்யச் சொல்.

வைரஸ் தடுப்பு என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை சிக்கியவரின் முகவரி ஒரு கும்பலிடமிருந்து இன்னொரு கும்பலுக்குப் போகும். அடுத்து வருவது வேறு மாதிரி இருக்கும்: உங்கள் பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, ரசீது இணைப்பில் இருக்கிறது, வேண்டாம் என்றால் இந்த எண்ணை அழையுங்கள். அதில் தொடுவதற்கு இணைப்பே இராது, அதனால் மின்னஞ்சல் வடிகட்டிகளும் விட்டுவிடும். அழைத்தால் மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், அதற்கு ஒரு சிறிய செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். அது நம் திரையை அவர்கள் கையில் கொடுக்கும் செயலி. அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வெளியிட்ட 2023ஆம் ஆண்டுக் கணக்கில், மோசடிக்காரர்கள் பயன்படுத்தியதாக அதிகப் புகார் வந்த நிறுவனப் பெயர் பெஸ்ட் பை என்ற கடையும் அதன் கணினி பழுதுபார்க்கும் பிரிவான கீக் ஸ்குவாடும். ஏறத்தாழ 52,000 புகார்கள், பெரும்பாலும் இதே புதுப்பிப்புக் கதை. அப்படி அமெரிக்கர்களையும் மற்றவர்களையும் ஏமாற்றும் போலி கால் சென்டர்கள் நம் நாட்டிலேயே இயங்கியிருக்கின்றன. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 76 இடங்களில் சோதனை நடத்தியபோது அதற்கு மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் காரணமாக இருந்தன. படித்தவர்கள், பெரிய ஊரில் இருப்பவர்கள், கம்ப்யூட்டர் துறையிலேயே வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இதில் சிக்குகிறார்கள் என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.

இதைவிடக் கொடியவன் ஒருவன் வருவான். போன பணத்தை மீட்டுத் தருகிறேன், சைபர் பிரிவிலிருந்து பேசுகிறேன், முதலில் ஒரு சிறு கட்டணம் என்பான். அவனுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் போட வேண்டிய அவசியமே இல்லை. பின் கேட்டால் அது நம்மிடமிருந்து போகப்போகிற பணம்.

உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது மதி. பிளஸ் டூ படிக்கும்போதே எனக்கு நெட் பேங்கிங் கற்றுக்கொடுத்தவள் நீ. எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் மாறியபோது, வீட்டில் உன்னிடம் கேட்டுக்கொண்டு போய்த்தான் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு ஒரு குணமும் உன்னிடம் இருக்கிறது; ஒன்றைத் தொலைத்துவிட்டால் அதைச் சொல்ல மாட்டாய். பாட்டி வாங்கிக் கொடுத்த கொலுசு தொலைந்தபோது காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தாயே, அப்போது கொலுசுக்காக நான் உன்னைத் திட்டவில்லை. போர்வைக்குள்ளேயே கிடந்ததற்குத்தான் திட்டினேன். தனியாக ஊரில் இருக்கிற பிள்ளை போனை எடுக்காவிட்டால் இங்கே எங்களுக்குச் சோறு இறங்குமா? பெரியப்பாவின் சீட்டு விஷயம் வெளியே வந்தபோது வீட்டில் எழுந்த பேச்சை நினைத்து நீ தயங்கலாம். அது வேறு, அந்தப் பேச்சு உன் காதில் விழும்படி இனி இந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அப்பாவிடம் உன் தோழியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீ சொன்னால் ஒழியச் சொல்லவும் மாட்டேன்.

எழுத வந்த வீட்டுச் செய்தி ஒன்றும் எழுதவில்லை. அப்பாவின் கண், கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்தது எல்லாம் அடுத்த கடிதத்தில்.

அவள் அந்தப் பக்கத்தில் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால், அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கிறாளா என்று கேள். வைத்திருந்தால் மின்னஞ்சலின் பாஸ்வேர்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மற்றக் கணக்குகளின் சாவி அங்கேதான் வந்து விழும். வங்கிக்கு எழுத வேண்டிய புகார்க் கடிதத்தை நானே தயாரித்துத் தருகிறேன். கணக்கு அறிக்கையில் அந்தப் பரிவர்த்தனை இருக்கும் பக்கம், ஓ.டி.பி. வந்த குறுஞ்செய்தி, 1930இல் கொடுத்த எண் மூன்றும் இருந்தால் போதும். எந்த ஊர்க் கிளையானாலும் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வரக் கூடாது.

பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். தம்பியை எடுக்கச் சொல்லிவிட்டேன். போக வர இரண்டுக்கும் எடுத்துவிடுவான், நீ பணம் அனுப்ப வேண்டாம். இந்த மாதம் வீட்டுக்கும் அனுப்ப வேண்டாம், என் பென்ஷனே மிச்சம் இருக்கிறது. புகார் பதிவாகிவிட்டது என்று தெரிந்ததும் அந்த ஒப்புகை எண்ணை எனக்கு அனுப்பு, நள்ளிரவானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா