மாயாவியும் டெக்ஸும் உன் வீட்டுக்கு வருகிறார்கள்

அன்புள்ள பாப்பா,

காமிக்ஸ் பெட்டிகள் இரண்டும் இந்த வாரம் பார்சலில் வந்துவிடும். உன் வீடு கடலை ஒட்டி இருக்கிறது, ஈரக்காற்றை நினைத்தால்தான் எனக்குப் பயம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்துத் தாள், மலிவான நியூஸ்பிரிண்ட். மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் தாள் பழுப்பேறி, உள்ளேயே அமிலம் ஊறி, மூலைகள் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வாசனை போகட்டும் என்று வெயிலில் மட்டும் காயவைத்துவிடாதே. ஒரு நாள் வெயில் பல வருடப் பழுப்பைக் கொண்டுவந்துவிடும்.

முதலில் பின்களைப் பார். துருப்பிடித்த பின்னைச் சுற்றிக் காவி வளையம் தெரியும். அந்த இடத்தில்தான் நடுத்தாள் கழன்று வரும். பின் பிடுங்கும் கருவி வேண்டாம், அது தாளையும் சேர்த்துக் கிழிக்கும். நடுப்பக்கத்தை விரித்து, மடங்கிய கால்களுக்கு அடியில் ஒரு தபால் அட்டைத் துண்டைச் செருகு. மழுங்கிய கத்தி முனையால் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அட்டைப் பக்கமாகப் பின்னை மெல்ல வெளியே எடு. அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, உட்பக்கம் முடிச்சுப் போடு. இறுக்கிக் கட்டினால் நூலே தாளை அறுத்துவிடும்.

கிழிசலுக்கு செலோ டேப் கூடவே கூடாது. சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளில் இறங்கிவிடும், அதை எடுக்க முடியாது. கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு சேர்த்துக் கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சி ஆறவிடு. மெல்லிய டிஷ்யூ தாள் கீற்றில் அதைத் தடவிக் கிழிசல்மேல் ஒட்டு. தடவும்போது பசை தெரியவே கூடாது, அவ்வளவு கொஞ்சம் போதும். பசை கூடினால் தாள் சுருங்கும், ராமபாணப் பூச்சியும் தேடி வரும். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, ஓர் இரவு பாரம் ஏற்றி வை.

உறைக்கு பி.வி.சி. பிளாஸ்டிக் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் வாங்கு. பின்னால் அமிலம் இல்லாத அட்டை ஒன்று. பத்துப் பத்தாகப் படுக்கவைத்து அடுக்கு. அலமாரியில் ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் நிற்கட்டும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். பூச்சி தெரிந்தால் பாச்சை உருண்டை போடாதே. இதழைக் காற்றுப்புகாத பையில் மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துவிடு. வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதே. திறந்தால் தாள் வியர்த்துவிடும்.

2010-ல் வந்த ‘இரத்தப் படலம்’ 18 பாகங்களும் ஒரே புத்தகம். தலையணை மீது வைத்துப் பாதி விரித்தே படி, முழுக்க விரித்தால் முதுகு விட்டுப்போகும்.

இந்தக் காமிக்ஸ் நாயகர்களை வைத்து எடுத்த சினிமாப் படங்களையும் பார்க்கப்போவதாகச் சொன்னாய். புத்தகத்தை முதலில் படித்துவிடம்மா. சாகச நாயகி மாடஸ்டி 1984-ல் லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்தவள். அவளும் அவள் கூட்டாளி வில்லி கார்வினும் காதலர்கள் அல்ல, அந்த நட்புதான் கதையின் உயிர். ஜோசப் லோஸியின் 1966 படம் இருவரையும் காதல் பாட்டே பாடவைத்துவிட்டது. அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ‘தங்கக் கல்லறை’யில் நம் கேப்டன் டைகர் தாகத்தோடும் தூசியோடும் அலைவதைப் பார்த்துவிட்டு அவனை வைத்து எடுத்த 2004 பிரெஞ்சுப் படமான ‘ப்ளூபெர்ரி’க்குப் போனால் (டைகரின் அசல் பெயர் அதுதான்), பெரும்பகுதி மந்திரமும் மயக்கக் காட்சிகளும்தான். காட்சியழகு உண்டு, ஆனால் டைகர் இல்லை.

1985-ல் வந்த இத்தாலியப் படத்தில் கௌபாய் நாயகன் டெக்ஸாக நடிகர் ஜூலியானோ ஜெம்மா. நடை கொஞ்சம் மந்தம்தான், இருந்தாலும் பார். டெக்ஸை உருவாக்கிய போனெல்லியே செவ்விந்திய மந்திரவாதியாகத் தோன்றிக் கதை சொல்கிறார். அவர் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்.

டெக்ஸ் இதழ்கள் இரண்டாவது பெட்டியில், மேலடுக்கில் இருக்கின்றன. பெட்டியைக் கத்தியால் அறுக்காதே, ஓரத்து டேப்பைக் கையால் உரித்துத் திற.

அன்புடன்,
அப்பா