மூவேளைச் செபப் படம் வாங்கியவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வயலில் ஓர் ஆணும் பெண்ணும், நடுவில் கூடையை வைத்து நின்று செபிக்கிற மூவேளைச் செபப் படத்தை நம்ம கடையில் பிரேம் போட்டு விற்கிறோம். அதைப் பற்றி இரண்டு வாரமாக வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. கூடையில் இருப்பது செத்த குழந்தையாம், வீட்டில் மாட்டினால் ஆகாதாம். புதுவீட்டுக்கு வாங்கிப்போன ஒருவர் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். தாத்தா பாட்டி படம், புதுநன்மைப் படம் எல்லாம் நம்மிடமே பிரேம் போட்ட குடும்பம். அதுதான் தாங்கவில்லை.

கூடையில் இருப்பது உருளைக்கிழங்கு. பின்னால் தள்ளுவண்டியில் மூட்டை தெரிகிறது, ஆண் பக்கத்தில் கிழங்கு தோண்டிய கருவி மண்ணில் குத்தி நிற்கிறது. செத்த பிள்ளைக்குப் பக்கத்தில் யாராவது கிழங்கு மூட்டை கட்டுவார்களா? வரைந்த மில்லே பிரான்ஸில் விவசாய வீட்டுப் பிள்ளை. வயலில் இருக்கும்போது கோயில் மணி கேட்டால் பாட்டி வேலையை நிறுத்தச் சொல்லி, இறந்தவர்களுக்காகச் செபிக்க வைப்பாராம். அதை நினைத்துத்தான் வரைந்ததாக 1865இல் அவரே எழுதியிருக்கிறார். படத்தில் அந்த ஆண் தொப்பியைக் கழற்றிப் பிடித்திருப்பதும் அந்த அம்மா கைகூப்பிக் குனிந்திருப்பதும் அதனால்தான். நம் கோயிலில் மூன்று வேளையும் மணி அடித்ததும் 'ஆண்டவருடைய தூதர்' சொல்கிறோமே, அதே செபம்தான்.

குழந்தைக் கதையைக் கிளப்பியவர் டாலி என்ற ஸ்பெயின் ஓவியர். (அவர் மீசையைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரியும்.) அப்புறம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், கூடைக்கிட்ட பெயின்ட்டுக்கு அடியில் கட்டம் மாதிரி ஏதோ தெரிந்தது. அதைச் சவப்பெட்டி என்றது டாலிதான்.

முதலில் ஓர் அமெரிக்கர் சொல்லித்தான் மில்லே இதை வரைந்தார். கிழங்கு விளைச்சலுக்கான செபம் என்றுதான் அப்போது பெயர். அந்த அமெரிக்கர் வாங்க வரவில்லை. பிறகு மில்லே தூரத்தில் கோயில் கோபுரத்தைச் சேர்த்துப் பெயரையும் மாற்றினார். கோபுரம் வந்ததால்தான் மணியே கேட்கிறது. 12க்கு 12 சதுர பிரேமில் மட்டும் அந்தக் கோபுரம் விளிம்பில் வெட்டுப்பட்டுவிட்டது. கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம், கண்ணாடிக்கு மட்டும் 80 ரூபாய்.

பதிவைக் கேட்டும் நம்பாமல், கடைக்கே வந்து விசாரித்த ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்களால்தான் இந்தக் கடை ஓடுகிறது. வேட்டியில் சுற்றிவந்த படத்தைக் கல்லாவுக்கு மேலேயே மாட்டியிருக்கிறோம். உரியவர் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் பணமும் தருவோம், வேட்டியும் துவைத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பிரேம் கடை உரிமையாளர்