ஒருவரே நால்வர்: செயலியால் மட்டும் ஆகாது

ஆசிரியருக்கு,

ஒரே ஆள் ஒரே படத்தில் பல இடங்களில் தோன்றும் புகைப்படங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தால், நல்ல செயலி ஒன்று இருந்தால் போதும் என்று தோன்றும். செயலிக்குக் கடைசிப் பத்து நிமிட வேலைதான். படம் தேறுமா தேறாதா என்பது எடுக்கும்போதே தீர்மானமாகிவிடும்.

ஒருவரே நான்கு பக்கமும் உட்கார்ந்து கேரம் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஆளில்லாத வெறும் போர்டு ஒரு படம், பக்கத்துக்கு ஒன்றாக நான்கு, ஆக ஐந்து. ஐந்தும் முடியும்வரை கேமரா மயிரிழைகூட நகரக் கூடாது. ட்ரைபாட் கட்டாயம், ஷட்டருக்கு ரிமோட் அல்லது 10 விநாடி டைமர். போர்டின் மூலைக்கு நேராக, நிற்பவரின் தலை உயரத்தில் கேமராவை வையுங்கள். ஒரு பக்கத்துக்கு நேராக வைத்தால் முன்னால் இருப்பவரின் முதுகு எதிராளியை மறைத்துவிடும்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஆட்டோவில் விடாதீர்கள். வெள்ளைச் சட்டைக்காரர் இடம் மாறும்போதெல்லாம் கேமரா வெளிச்சத்தை மாற்றிக் கணக்கிடும். ஒட்டிப் பார்த்தால் சுவர் திட்டுத்திட்டாக நிற்கும். மேனுவலில் லென்ஸ் திறப்பை எஃப்/8 வைத்து, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) இரண்டையும் நிலைநிறுத்துங்கள். ஃபோகஸை ஒருமுறை போர்டில் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் வைத்த ட்யூப்லைட்டும் மட்டமான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 முறை மங்கித் தெளியும்; 1/500 வைத்தால் ஒரு படம் வெளுத்தும் மறுபடம் மஞ்சளித்தும் வரும். கைபேசியில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெளிச்சத்தைத் தானே சமன்செய்யும் எச்டிஆர், பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் ஆகிய இரு வசதிகளையும் அணைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் வசதி படத்துக்குப் படம் பின்னணியை வேறுவேறாக மங்கலாக்கும்.

பெரும்பாலான படங்களைக் காட்டிக்கொடுப்பது நிழல். இடப்பக்க ஆளின் நிழல் வலப்பக்க ஆளின் மடியில் விழ வேண்டிய இடத்தில், வலப்பக்க ஆள் தனியாக உட்கார்ந்த படத்தில் அந்த நிழல் இருக்காது. பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தைத் திரையிட்டு மறைத்து, ஃப்ளாஷை வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல்நோக்கி அடித்தால் நிழல் மெலிந்து காலடியோடு நின்றுவிடும். மொசைக் தரையிலும் டிவி கண்ணாடியிலும் விழும் பிம்பத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஆளை மட்டும் வெட்டி ஒட்டி பிம்பத்தை விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் காலண்டர் தாளும் திரைச்சீலையும் படத்துக்குப் படம் இடம் மாறியிருக்கும். மெத்தை வைத்த நாற்காலி வேண்டாம், உட்கார்ந்து எழுந்தால் அமுங்கிய குழி அப்படியே நிற்கும். காய்களை முதல் படத்துக்கு முன்பே பரப்பிவிட்டுப் பிறகு தொடாதீர்கள். நால்வரின் கைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் ஒட்டுவது எளிது. எங்கே பார்ப்பது என்பதற்கு அடையாளமாக எதிர்ப்பக்கம் முக உயரத்தில் ஒரு கம்பை நிறுத்திவைத்து, படம் எடுத்ததும் அகற்றிவிடலாம். அதில்லாமல் எடுத்த படத்தில் நான்கு பேரும் நான்கு திசையில் வெறித்துக்கொண்டிருப்பார்கள்.

கணினியில் இலவச மென்பொருளான கிம்ப் போதும். வெறும் போர்டு அடியில், மற்ற நான்கும் அதன்மேல் லேயர்களாக, அதாவது அடுக்குகளாக. ஒவ்வொன்றுக்கும் அதை மறைக்கும் திரையான கறுப்பு லேயர் மாஸ்க் போட்டு, ஆளும் அவர் நிழலும் இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான விளிம்புள்ள பிரஷ்ஷால் வெள்ளை பூசுங்கள். அழிப்பானைத் தொட வேண்டாம், அழித்தது திரும்பாது. மாஸ்க்கில் கறுப்பைப் பூசினால் மறையும், வெள்ளையைப் பூசினால் மீளும்.

மென்பொருள் இல்லாத காலத்திலும் இது நடந்திருக்கிறது. பாரிஸில் 1890களின் தொடக்கத்தில் மோரீஸ் கிபேர் எடுத்த படத்தில் ஓவியர் துலூஸ்-லோத்ரெக் தன்னையே உட்காரவைத்து வரைகிறார். நம் ஊரில் 1940இல் 'உத்தம புத்திரன்' படத்திலேயே பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்துவிட்டார். லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி மறுபாதியை எடுப்பது அந்தக் காலத்து வழி. இரு பாதியும் சேரும் கோடு தெரியாமலிருக்க அங்கே ஒரு தூணோ கதவு நிலையோ வருமாறு பார்த்துக்கொள்வார்கள்.

ட்ரைபாடே இல்லாதவர்களுக்குக் கைபேசியின் பனோரமா இருக்கிறது. எடுப்பவர் இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்ப, தன் இடத்தைக் கேமரா கடந்ததும் நிற்பவர் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஓடி வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். முன்னால் ஓடினால் பாதி உடம்பும் மூன்று காலும்தான் மிஞ்சும்.

ஸ்டுடியோ புகைப்படக் கலைஞர்,
தஞ்சாவூர்