மழைக்கு முன்னால் மூடியைத் திறப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நல்லதே நடக்கும் என்று நினைத்தால் நல்லதே நடக்கும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் பெரம்பூர், வில்லிவாக்கம், கொளத்தூர் பக்கம் பல வருடங்களாக பிளம்பர் வேலை பார்ப்பவன். மழைநீர் சேகரிப்புக் குழிகளைச் சுத்தம் செய்வதும் என் வேலைதான். அந்தக் கட்டுரையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டது. அன்று தோண்டிய குழிகளில் பல, அதற்குப் பிறகு திறக்கப்படவே இல்லை. மூடியைக் கடப்பாரையால் நெம்பினால் கறுப்பாகச் சேறு, ஷாம்பு பாக்கெட், புறா இறகு, பெயின்ட் அடித்தவர்கள் கொட்டிவிட்டுப் போன சுண்ணாம்பு. அதற்குக் கீழே மணல் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். அப்படியே நிற்கும், இறங்காது.

சுத்தம் செய்யலாமா என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். ‘இந்த வருஷம் நல்ல மழைன்னு சொல்றாங்க, தண்ணிக்குக் கவலையில்லை’ என்பார்கள் சிலர். ‘என்ன செஞ்சாலும் மெட்ராஸுக்குத் தண்ணிக் கஷ்டம் தீராது, விடுப்பா’ என்பார்கள் வேறு சிலர். முன்னவரை நம்பிக்கை உள்ளவர் என்றும் பின்னவரை நம்பிக்கை இழந்தவர் என்றும் கட்டுரையாளர் பிரித்திருப்பார். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு வீட்டிலும் மூடி திறக்கப்படுவதில்லை. இரண்டு பேருமே மழையைப் பற்றி ஆரூடம் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

2019 கோடை ஞாபகம் இருக்கும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிக்கொண்டு ஜூலையில் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து நின்றது. அதே நாட்களில்தான் அங்கே தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா, குழியைத் தூர்வார என்னைக் கூப்பிட்டார். எதிர் வீட்டுக்காரர் சிரித்தார். கிணற்றில் ஈரம்கூட இல்லை, குழியைக் கழுவி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். ‘மழை வரும்போது வரட்டும் தம்பி. வந்தா அது தெருவுல ஓடக் கூடாது’ என்று அந்த அம்மா என்னிடம்தான் சொன்னார். சேற்றை அள்ளி, பழைய ஜல்லியைக் கழுவி, புது மணல் போட்டு, மொட்டை மாடியிலிருந்து வரும் பைப்பின் வாயில் வலை கட்டிக் கொடுத்தேன். அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊற்றிய தண்ணீர் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தார்.

அந்த செப்டம்பரில் மழை பெய்தது. பெய்யாமல் போயிருந்தாலும் அந்த அம்மா செய்தது சரிதான் என்பேன். மழை வருமா வராதா என்று அவருக்கும் தெரியாது. வந்தால் தன் பங்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான் பார்த்த நம்பிக்கை இது.

நம் ஊரில் இந்த நம்பிக்கைக்குக் கணக்கும் இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் ஏறக்குறைய 1.3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்து லாரிக்கும் மேல் தண்ணீர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. 2015-ல் வெள்ளத்தில் மிதந்த ஊர் நாலே வருடத்தில் ரயில் தண்ணீருக்குக் காத்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம்பிக்கைக் கட்டுரைகளோடு, ஆவணி பிறந்ததும் குழியைச் சுத்தம் செய்யும் முறையைப் படத்துடன் ஒரு பக்கம் போடுங்கள். மணற்பாங்கான இடத்துக்குச் சாதாரணக் குழி போதும், களிமண் தரையில் கீழே மணல் அடுக்கு வரை துளை இறக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அடுக்குமாடிச் சங்கங்களுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும்: கார் நிறுத்துவதற்காகக் குழி மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால், புரட்டாசிக்குள் அதை உடைத்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
பெரம்பூர், சென்னை.